புறப்படும்போது சொல்லக்கூடாத காரணம்

நான் முன்பு வேலை பார்த்த துபாய்க் கம்பெனியில் இப்போது இருக்கும் தினேஷ் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். புஜைரா மலைக்கு மேல் ஒரு டிரோன் பறக்கிறது. உச்சியில் நிற்கும் டவரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கிறது. நாங்கள் மூச்சிரைக்க ஏறிப் போய்ப் பார்த்த துருவை, அது ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. பின்னணியில் அவன் குரல்: "அண்ணே, இதுக்கா நடந்து போனீங்க?"

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு செய்தி. "படம் எடுக்கத்தாண்ணே இது. போல்ட்ட முடுக்க ஆள்தான் போவணும். மார்ச்சுல எங்கள ஏத்தி விடறாங்க. எப்படிப் போவணும், எப்படி வரணும்னு எழுதி அனுப்புங்க. வாய்ஸ் மெசேஜ் வேணாம். நீங்க பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்க."

ஆகவே எழுதுகிறேன்.

தினேஷும் அவன் வயதுப் பையன்களும் என்னை 'ரிட்டயர்டு' என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு வயது முப்பத்தாறு. வேலையில் என் இரண்டு முழங்காலும் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. அவற்றோடு நானும் கணக்கை முடித்துக்கொண்டு பெரம்பலூருக்கு வந்து இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான்தான். அதற்குப் பிறகு டிப்ளமா. அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அப்பா மாட்டியபோது, நான் மின்சாரத்தையே கண்டுபிடித்துவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். அந்தச் சான்றிதழோடு துபாய் அல் கூஸில் ஒரு ஷெட்டுக்குள் உட்கார்ந்து, செத்துப்போன பேட்டரிகளைப் பிழைக்க வைக்கும் வேலையில் சேர்ந்தேன். சில வருடம் ஆசிட் வாசனை. சட்டையெல்லாம் பொத்தல். அப்புறம் புஜைராவுக்கு மாற்றினார்கள்: மலை உச்சி டவர்களுக்குப் போகும் குழு. என் படிப்புக் காலமும் பயிற்சிக் காலமும் இவ்வளவுதான். சொல்ல வேண்டியது எல்லாம் அதற்குப் பிறகு நடந்தது.

குழுவில் நாங்கள் நான்கு பேர், நான்கு பேரும் தமிழ். டவர் மேல் ஏறி டிஷ்ஷைத் திருப்புகிறவன் முருகேசன், அரியலூர்ப் பக்கம். என்னைவிட இளையவன். கயிறும் கொக்கியுமாக இடுப்பைக் கட்டிக்கொண்டு ஏறினால் அணில்தான். குளச்சல்காரர் சேவியர் அண்ணன் கேபிள் வேலை, கூடவே எல்லோரையும் கிண்டல் செய்யும் வேலை. பேட்டரி நான். வண்டி ஓட்டுகிறவர் பஷீர் பாய், ராமநாதபுரம். அவர் மலை ஏற மாட்டார். அடிவாரத்தில் வண்டியோடு இருந்து வாக்கி-டாக்கியில் எங்களுக்குத் துணை.

மலைக்குள் போகும் வழி பெரும்பாலும் வாடி வழியாகத்தான். வாடி என்றால் மழை பெய்தால் மட்டும் ஆறாகிற காய்ந்த பள்ளத்தாக்கு. மற்ற நாளில் உருண்டைக் கற்களும் முள்மரமும் கிடக்கும் நல்ல நடைபாதை. "இங்க உள்ளவன் எல்லாத்தையும் வாடி வாடிங்கான், ஒருத்தியும் வரக் காணும்" என்று சேவியர் அண்ணன் முதல் நாளே சொல்லி முடித்துவிட்டார்.

நான் சேர்ந்த மறு வருடம் எங்களுக்குப் பாதுகாப்பு அதிகாரியாக ஒரு அம்மா வந்தார். பெயர் ஐகுல். கிர்கிஸ்தான்காரர். நாற்பது வயதிருக்கும், என் தோள் உயரம்தான். ஊரில் பனிச்சறுக்கு மலை ஒன்றில், பனிச்சரிவில் புதைந்தவர்களைத் தேடி எடுக்கும் குழுவில் இருந்தவராம். இந்த வெயிலுக்குப் பனிச்சரிவு அம்மா எதற்கு என்று நாங்கள் சிரித்தோம். சைட்டில் பொறுக்கிய ஹிந்தியில்தான் எங்களோடு பேசுவார். வினைச்சொல்லெல்லாம் தாறுமாறாக விழும், ஆனால் அர்த்தம் நேராக வந்து சேரும்.

முதல் வாரமே மெஸ்ஸுக்கு வந்தார். சேவியர் அண்ணன் தட்டில் சோறு போட்டுக்கொண்டு ரசத்துக்குக் காத்திருந்தார். மேடம் அந்தத் தட்டை வாங்கி ஒரு பக்கம் சாய்த்தார். சோறு நின்றது. "இது குளிர்காலம்" என்றார். இன்னும் சாய்த்தார். அப்போதும் நின்றது. பிறகு ரசத்தை எடுத்து மேல் ஓரத்தில் மெதுவாக ஊற்றினார். ரசம் சோற்றுக்கு அடியில் இறங்கியது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் சோறு மொத்தமும் ஒரே பாளமாக நழுவிச் சேவியர் அண்ணன் மடியில் விழுந்தது.

"இது வசந்தம்" என்றார் மேடம்.

"எனக்க சோறுல்லா" என்றார் சேவியர் அண்ணன்.

பனி மலையில் வசந்தம்தான் பொல்லாதது என்று அன்று விளக்கினார். காலையில் பனி உறைந்து கல்லாக இருக்கும், நடக்கலாம். வெயில் ஏற ஏற மேல்பனி உருகி, தண்ணீர் அடியில் இறங்கும். மத்தியானத்துக்கு மேல் பிடிப்பு விட்டு மொத்தமும் வரும். அதனால் விடியலில் போய், வெயில் ஏறும் முன் இறங்கிவிட வேண்டும். "இங்கே பனி இல்லை. கல் இருக்கிறது. சரிவு இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் மழை இருக்கிறது. மீதி எல்லாம் அதே."

அவர் போட்ட விதிகளை எழுதிவிடுகிறேன். தினேஷ், உனக்கு வேண்டியது இதுதான்.

வண்டியை வாடிக்குள் நிறுத்தக்கூடாது. மேட்டில், வெளியே போகும் பக்கம் பார்த்து நிறுத்த வேண்டும். எந்த வழியாகப் போகிறோம், எந்த வழியாக வருவோம் என்று கேம்ப்பில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சரளைக் கல் சரிவைக் கடக்கும்போது ஒரு சமயத்தில் ஒரே ஆள். மற்றவர்கள் ஒரு பாறைக்குப் பின்னாலோ மேட்டிலோ நிற்க வேண்டும். அந்த இடத்தை அவர் 'தீவு' என்பார். தீவிலிருந்து புறப்பட்டால் அடுத்த தீவில்தான் நிற்க வேண்டும், நடுவில் செல்ஃபி கிடையாது. நிற்பவர்களில் ஒருவர் கண் நடப்பவர் மேல், இன்னொருவர் கண் சரிவின் உச்சி மேல். நடப்பவர் பையின் நெஞ்சுப் பட்டியைக் கழற்றிவிட்டிருக்க வேண்டும். கல்லோ தண்ணீரோ வந்தால் பை போகட்டும், ஆள் மிஞ்சட்டும். கூட்டமாகப் போனால் தைரியமாக இருக்கிறது என்று சொன்ன என்னிடம், "கூட்டமாகப் போனால் தேடுவதற்கு யாரும் மிஞ்ச மாட்டார்கள்" என்றார். சிரிக்காமல் சொன்னார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் உட்கார்ந்துவிடுவார். அவர் உட்கார்ந்தால் யாரும் மேலே நகர முடியாது, அவ்வளவுதான்.

இதெல்லாம் எங்களுக்குச் சுலபமாகப் பழகிவிட்டது. பழகாத விதி ஒன்றுதான்.

காலையில் கேம்ப் வாசலில், வண்டி ஏறும் முன், எங்களை வட்டமாக நிறுத்துவார். "இன்றைக்குப் போகக்கூடாது என்பதற்கு ஒரு காரணம். ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். போலோ."

முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. புறப்படுகிற நேரத்தில் போகக்கூடாது என்று யாராவது சொல்வார்களா? நம் வீடுகளில் 'போறேன்' என்று சொன்னாலே 'போயிட்டு வர்றேன்னு சொல்லு' என்று திருத்துவார்கள். எங்கே போகிறாய் என்று பின்னாலிருந்து கேட்டாலே செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். இந்த அம்மா என்னடாவென்றால் வாசலில் நிற்க வைத்து, வெள்ளம் வரும், கல் விழும், கயிறு அறும் என்று எங்கள் வாயாலேயே சொல்லச் சொல்கிறார்.

அவர் விடவில்லை. நாங்களும் வழி கண்டுபிடித்தோம். ஆளுக்கொரு தீங்கில்லாத காரணம்.

"எனக்க பூட்ஸு கடிக்குவு" என்பார் சேவியர் அண்ணன்.

"டயர்ல காத்து கொஞ்சம் கம்மி மேடம்" என்பார் பஷீர் பாய்.

"பேட்டரி கனம்" என்பேன் நான்.

"பசிக்குது" என்பான் முருகேசன். அது மட்டும் எப்போதும் உண்மை.

மேடம் தலையாட்டுவார். பூட்ஸைப் பார்ப்பார், டயரைத் தட்டுவார், வண்டி கிளம்பும். மாதக்கணக்கில் இப்படியே போனது. ஒன்றும் நடக்கவில்லை என்பதால் எங்கள் காரணங்களும் சரியாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டோம்.

அந்த மார்ச்சில் முருகேசனுக்குக் கல்யாணம். பெண் ஜெயங்கொண்டம், பெயர் கவிதா, கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. அவனுக்கு ராத்திரி துபாயிலிருந்து விமானம், மறுநாள் பெண் அழைப்பு, அதற்கு மறுநாள் விடியலில் முகூர்த்தம். அத்தனை நெருக்கமாக எந்த மடையன் டிக்கெட் போடுவான் என்று கேட்காதே. லீவு அவ்வளவுதான் கிடைத்தது. அன்றைக்கென்று மலை டவர் ஒன்றில் டிஷ் காற்றுக்குத் திரும்பி, இந்தப் பக்கத்து அடிவாரம் முழுக்கச் சிக்னல் போய்விட்டது. டவர் ஏறுகிற இன்னொருவன் காய்ச்சலில் படுத்திருந்தான். "அரை நாள் வேலைதானே, முடிச்சிட்டு அப்படியே ஏர்போர்ட் போயிடறேன்" என்றான் முருகேசன். அவன் பெட்டி வண்டியிலேயே ஏறியது.

வாசலில் வட்டம். முருகேசன் நெற்றியில் விபூதி. மேடம் முன்னறிவிப்பைச் சொன்னார்: மலைப்பக்கம் மாலையில் மழைக்குக் கொஞ்சம் வாய்ப்பு, மத்தியானத்துக்குள் இறங்கிவிடுகிறோம். பிறகு, "போலோ."

கல்யாணத்துக்குப் புறப்படுகிற பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு யார் என்ன சொல்வது? பூட்ஸ் கடித்தது. டயரில் காற்று குறைந்தது. பேட்டரி கனத்தது. மாப்பிள்ளைக்குப் பசித்தது. பஷீர் பாய் மட்டும் டயரைச் சொல்லிவிட்டுத் தன் போனைப் பார்த்தார், மறுபடி பையில் போட்டார். நான் அதைக் கவனித்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

வாடி வழியாகப் போனோம். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. வரும்போது சாப்பிடலாம் என்று சாப்பாட்டுப் பையை ஒரு முள்மர நிழலில், பாறை இடுக்கில் வைத்தோம். முருகேசன் தன் கையால் செய்த எலுமிச்சம்பழச் சோறு, "பேச்சிலரா கடைசிச் சமையல்ணே" என்று கொண்டுவந்திருந்தான். அங்கிருந்து பக்கவாட்டில் ஏறினால் டவர்.

டிஷ்ஷைத் தாங்கும் போல்ட் துருவேறி இறுகியிருந்தது. அரை மணி வேலை இழுத்துக்கொண்டே போனது. முருகேசன் மேலே தொங்கிக்கொண்டு, எண்ணெய் விட்டு, தட்டி, திட்டி, கடைசியில் போல்ட் அசைந்தபோது வெயில் உச்சி தாண்டியிருந்தது. மேற்கே மலைக்குப் பின்னால் மேகம் காலிஃபிளவர் மாதிரி எழும்பி நின்றது. எங்கள் தலைக்கு மேல் நீல வானம்.

இறங்குவதற்கு இரண்டு வழி. வந்த வாடி வழியாகவே போனால் சீக்கிரம் வண்டி. இல்லாவிட்டால் மலைமுதுகின் மேலேயே சுற்றிக்கொண்டு, ஒரு சரளைச் சரிவைக் கடந்து போக வேண்டும். சாயங்காலம் ஆகிவிடும். அதற்கு மேல் துபாய் வரை வண்டி ஓட்டிப் போனால் விமானம் இல்லை. மேடம் மேகத்தையும் வாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முருகேசன் கயிற்றைச் சுருட்டிப் பையில் திணித்துவிட்டு ஏற்கெனவே வாடிப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தான்.

அப்போது வாக்கி-டாக்கி கரகரத்தது. பஷீர் பாய்.

"மேடம், ஏக் ரீசன் ஹை. காலையில சொல்லலை." பாதி ஹிந்தி, பாதி தமிழ். "மலைக்கு அந்தாண்டை தண்ணி லாரி ஓட்டுற நம்ம கூட்டாளி ஒருத்தன் விடியக்காலமே வாய்ஸ் அனுப்பியிருந்தான். அங்க ராவுல இருந்து நல்ல மழையாம். இப்ப மறுபடி பேசினான். ரோட்டுல தண்ணி ஓடுதாம். அந்தத் தண்ணி எல்லாம் நம்ம வாடிக்குத்தான் வரணும்."

நான்தான் அதை மேடத்துக்கு முழுசாக ஹிந்தியில் சொன்னேன். அவர் என்னைக் கேட்டார்: "அவருக்குக் காலையிலேயே தெரியுமா?"

நான் பதில் சொல்லும் முன் முருகேசன் வாக்கியைப் பிடுங்கினான். "ஏன் பாய், இத இப்பத்தான் சொல்லுவீங்களா?"

"மாப்ள, நீ கல்யாணத்துக்குப் புறப்பட்டு நிக்கிறே. உன் முகத்தைப் பாத்து மழை, வெள்ளம்னு என் வாயால எப்படிடா சொல்லுவேன்? எனக்கு நாக்கு வரலைடா."

பிறகு மேடம் உட்கார்ந்தார். ஒரு பாறையைப் பார்த்து, தூசியைத் தட்டி, நிதானமாக.

"மேடம், கீழ பாருங்க. காஞ்சு கெடக்கு" என்றான் முருகேசன். "ஓடிப் போயிடறேன். நான் ஒருத்தன் மட்டும் போறேன். ஒரு ஆளுக்கு மேல போகக்கூடாதுங்கறதுதான உங்க ரூல்?" நான் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்கும்போதே எனக்கு அது நியாயமாகப் பட்டது. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

மேடம் என்ன சொல்வாரோ என்று பார்த்தேன். விதி எதையும் சொல்லவில்லை. "போனில் சிக்னல் இருக்கிறதா?" என்றார்.

இருந்தது. நாங்கள் பிழைக்க வைத்த டவருக்கு அடியில்தானே நிற்கிறோம். போனில் சிக்னல் கோடுகள் அத்தனையும் நிறைந்திருந்தன.

"பெண்ணைக் கூப்பிடு. விஷயத்தைச் சொல். அவள் போ என்றால் போ."

முருகேசன் கூப்பிட்டான். சத்தமாக வைக்கச் சொன்னார் மேடம். அந்தப் பக்கம் ஒரே கூச்சல், மேளம் சரிபார்க்கிறார்கள், யாரோ வாழைமரம் எங்கே என்று கத்துகிறார்கள்.

"கவிதா, ஒண்ணுமில்ல. வந்துகிட்டே இருக்கேன். இங்க கொஞ்சம்..." அவனுக்கும் நாக்கு வரவில்லை. கல்யாணப் பெண்ணிடம் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வான்? "இங்க கொஞ்சம் கிளைமேட் ஒரு மாதிரி. நேரா வந்தா பிளேன புடிச்சிருவேன். சுத்தி வந்தா..."

"நேரா வந்தா என்ன?"

"நேரா வந்தா... பிளேன் புடிச்சிருவேன்."

"அதான் சொல்லிட்டீங்களே. நேரா வந்தா என்ன ஆவும்னு கேக்குறேன்."

அவன் எங்களைப் பார்த்தான். நாங்கள் ஆளுக்கொரு கல்லைப் பார்த்தோம். கடைசியில் சேவியர் அண்ணன் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "தங்கச்சி, நான் கூட வேல பாக்குத சேவியரு. நேரா வந்தா வெள்ளம் வந்தாலும் வரும். வராமலும் போவும். நல்ல நாளும் அதுவுமா சொல்லுதேன்னு நெனைக்காத."

"அண்ணா, நீங்க சொன்னது நல்லதாப் போச்சு" என்றாள் கவிதா. "ஏங்க, சுத்தியே வாங்க. முகூர்த்தம் போனா வைகாசில ஒண்ணு இருக்கு. எங்க அத்தை நாலு நாளா வீட்ட நெறச்சிகிட்டு உக்காந்திருக்கு, வைகாசி வரைக்கும் உக்காந்திருக்கட்டும். வெக்கிறேன்."

இதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மேடம் எழுந்து, பையை மாட்டி, முதல் ஆளாக மலைமுதுகில் நடந்தார்.

பாதி வழி போயிருப்போம். முதலில் அது சத்தமாகவே தெரியவில்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி எங்கோ ஒரு உறுமல், நிற்காமல். எல்லோரும் நின்று கீழே பார்த்தோம். வாடியின் மேல் வளைவில் பழுப்பாக ஏதோ நுரையோடு திரும்பியது. முன்னால் முள்மரம், தகரம், பிளாஸ்டிக் கூடை எல்லாம் தள்ளிக்கொண்டு வந்தது. தண்ணீருக்கு அடியில் பாறைகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் எங்கள் காலடி வரை வந்தது. தலைக்கு மேல் அப்போதும் நீல வானம்தான். காலையில் நாங்கள் பேசிச் சிரித்துக்கொண்டு நடந்த இடம் முழுக்க ஆறு.

முருகேசன் கீழே கை காட்டினான். "என் எலுமிச்சம்பழச் சோறு."

சேவியர் அண்ணன் ஒரு கையை அவன் தோளில் போட்டார். "போட்டும் மக்கா. ஓமான் கடல்ல மீனுக்கெல்லாம் இன்னைக்கு ஒனக்க கல்யாணச் சாப்பாடு."

பெரிய சிரிப்பு ஒன்றும் இல்லை அது. ஆனாலும் நாங்கள் சிரித்தோம், முருகேசன் எல்லோரையும்விட அதிகமாக.

அதற்குப் பிறகு சரளைச் சரிவு. தூறல் எங்கள் பக்கமும் வந்துவிட்டிருந்தது. சாதாரண நாளில் சலசலவென்று ஓடிக் கடந்திருப்போம். அன்று மேடம் எங்களை ஒரு பாறை விளிம்புக்குப் பின்னால் நிறுத்தினார். சரிவை நெடுநேரம் பார்த்தார். மேலிருந்து சிறு கற்கள் தானாக உருள்கின்றனவா என்று பார்ப்பது. பனியிலும் அப்படித்தான் முதலில் சிறு உருண்டைகள் வருமாம். ஒன்று உருண்டது. காத்திருந்தோம். தூறல் நின்றது. இன்னும் காத்திருந்தோம். முருகேசன் ஒருமுறைகூட மணி பார்க்கவில்லை. பிறகு நெஞ்சுப் பட்டியைக் கழற்றிக்கொண்டு மேடம் முதலில் போனார், ஓடாமல், நிற்காமல், கால் வைக்கும் இடத்தை மட்டும் பார்த்து. அந்தப் பக்கத் தீவில் நின்று கை தூக்கினார். அடுத்து நான், அடுத்து முருகேசன். சேவியர் அண்ணன் கடைசி. நடுவில் இருக்கும்போது அவருக்கு மேலே கல் ஒன்று அசைந்தது. உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது நான். "மேல" என்று கத்தினேன். அவர் பையை விட்டுவிட்டு இரண்டே தாவலில் எங்கள் பாறைக்கு வந்து சேர்ந்தார். கல்லோடு இன்னும் பல கற்கள் சேர்ந்து அவர் நின்ற இடத்தைக் கடந்து போயின. பையும் போயிற்று.

"பூட்ஸு கடிக்குதுன்னு சொன்னீங்களேண்ணே" என்றான் முருகேசன். "நல்லாத்தான ஓடுறீங்க."

வண்டி மேட்டில் பத்திரமாக இருந்தது. ஆனால் ரோட்டின் தாழ்வில் தண்ணீர் வடிய இருட்டிவிட்டது. விமானம் போய்விட்டது. பஷீர் பாய் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் எல்லோருக்கும் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார். முருகேசன் டம்ளரை வாங்கிக்கொண்டு, "பாய், எப்ப சொன்னா என்ன, சொல்லிட்டீங்கல்ல" என்றான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டயரைத் தட்டிப் பார்த்தார்.

மறுநாள் ஷார்ஜாவிலிருந்து ஒரு டிக்கெட் கிடைத்தது, கொச்சிக்கு. பெண் அழைப்பு நடந்துகொண்டிருந்தபோது மாப்பிள்ளை விமானத்தில் ஏற வரிசையில் நின்றிருந்தான். மேடையில் கவிதா தனியாக நின்று, அவன் முகம் தெரியும் போனைப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோரோடும் படம் எடுத்துக்கொண்டாள். கொச்சியில் இறங்கி, காரில் இரவெல்லாம் வந்து, விடியலில் தாலி கட்டினான். படத்தில் பார்த்தால் காதோரம் இன்னும் புஜைராச் சேறு இருக்கிறது.

கேம்ப்பில் மேடம் பஷீர் பாயைத் திட்டவில்லை. எங்கள் மூவரையும் மெஸ்ஸில் உட்காரவைத்து, ஏன் சொல்லவில்லை என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். சொன்னோம். போயிட்டு வர்றேன் கதை, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பும் கதை எல்லாம். அவர் சிரிக்கவில்லை. தன் ஊரிலும் புறப்படுகிறவர்களிடம் 'வெள்ளைப் பாதை' என்று மட்டும்தான் வாழ்த்துவார்களாம். அந்த நேரத்தில் வேறு பேச்சுக் கூடாதாம். பிறகு ஒரு கேள்வி கேட்டார், எங்களில் யாரும் அதுவரை யோசிக்காத கேள்வி.

"புறப்பாடு எப்போது முடிகிறது?"

"கேட்டைத் தாண்டினா முடிஞ்சது" என்றார் பஷீர் பாய்.

"அது எப்படி? மொதல் வளவுல நான் சிலுவ போடுவேம்லா. அது வரைக்கும் புறப்பாடுதான்" என்றார் சேவியர் அண்ணன்.

"வழியில எங்கயாவது நிறுத்தி இறங்கிட்டோம்னா அப்புறம் அது புறப்பாடு இல்லை, பயணம்" என்றேன் நான். கொஞ்ச நேரம் சண்டை. ஊரில் முருகேசனைக் கூப்பிட்டுக் கேட்டோம். புது மாப்பிள்ளை, பின்னால் மாமியார் வீட்டுக் கூட்டம். "வழியில டீ குடிச்சிட்டா சரியாப் போச்சு" என்று தீர்ப்புச் சொன்னான்.

அதிலிருந்து விதி மாறியது. கேம்ப் வாசலில் யாரும் வெள்ளம், கல் என்று கெட்ட வார்த்தை பேசக்கூடாது. 'போயிட்டு வரலாம்' என்று மட்டும் சொல்லி ஏற வேண்டும். மலைக்குத் திரும்பும் இடத்தில் மலையாளி ஒருவரின் டீக்கடை உண்டு. அங்கே இறங்கி, கையில் டம்ளரோடு, கெட்ட வார்த்தை மட்டும்தான் பேச வேண்டும். என்னென்ன வந்தது தெரியுமா? இடுப்பில் மாட்டும் ஹார்னஸ் கொக்கி ஒன்று சரியாக மூடவில்லை. எனக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, இறங்கும்போது மெதுவாகத்தான் வருவேன். மேலே மேகத்தின் அடி கறுத்திருக்கிறது. பஷீர் பாய் கூட்டாளிகளின் வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் சத்தமாகப் போட்டுக் காட்டுவார், அவர்கள் வீட்டுச் சண்டை உட்பட. டீக்கடைக்காரர் எங்களைக் கண்டாலே, "வந்நோ, அபசகுனம் பார்ட்டி" என்று டீயை இறக்குவார்.

முருகேசன் லீவு முடிந்து வந்த முதல் நாள். வாசலில் சிரித்த முகமாக வண்டி ஏறினான். டீக்கடையில் இறங்கினோம். மேடம் டம்ளரை ஊதிக்கொண்டே அவனைப் பார்த்து, "போலோ" என்றார்.

பசிக்கிறது என்பான் என்று சேவியர் அண்ணன் முன்கூட்டியே வாயைக் கோணிக்கொண்டு காத்திருந்தார். முருகேசன் டீயைக் கீழே வைத்தான்.

"மேடம், நேத்து ராத்திரி நான் தூங்கலை. அது போன்ல அழுதுகிட்டே இருந்துச்சு. நானும்தான். விடியிற வரைக்கும் பேசிட்டிருந்தோம். இப்ப கண்ணைத் தொறந்துகிட்டுத்தான் நிக்கிறேன், ஆனா மனசு ஜெயங்கொண்டத்துல நிக்குது. இந்த நெலமையில மேல ஏறினா எந்தக் கொக்கிய மாட்டினேன், எத மாட்டலைன்னு எனக்கே தெரியாது."

நான் அதை ஹிந்தியில் சொன்னேன், ஒரு வார்த்தை குறைக்காமல். டவர் ஏறுகிறவன் எவனும் இப்படி ஒரு காரணத்தை நான்கு ஆண்களுக்கு நடுவில் சொல்லி நான் கேட்டதில்லை. சேவியர் அண்ணன் கோணிய வாயை நேராக்கிக்கொண்டார்.

மேடம் டீயைக் குடித்து முடித்தார். "கலாஸ், முடிந்தது" என்றார். வண்டியைத் திருப்பச் சொன்னார்.

அன்றைக்கு மழை இல்லை, மேகம் இல்லை, மலையில் ஒரு கல் கூட உருளவில்லை. பொழுதெல்லாம் அடித்தது நல்ல வெயில். முருகேசன் சாயங்காலம் வரை தூங்கினான். நாங்கள் மற்ற மூன்று பேரும் பெட்ஷீட் முதற்கொண்டு துவைத்துப் போட்டோம்.